தண்ணீர் கொடுக்கச் சொன்னவள்

பிப்ரவரி 9

மேடம்,

நான் யார் என்று சொல்லிக்கொள்ள வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். நாலு மாதமாகத் தினமும் ஃபோனில் எழுதிப் பேசியிருக்கிறோம். ஹாரன் வீட்டுக்காரி என்றால் போதும். இருபத்தாறு வருஷம் பஸ் ஓட்டியவர், கடைசி சீட்டில் தூங்குகிறவனும் எழுந்து உட்காரும் அளவுக்குத் தொண்டை, அதனால் டிப்போவில் வைத்த பேர் ஹாரன். போன செப்டம்பரில் மூளையில் அடைப்பு வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது என்று முதல் நாளே எழுதினேனே, அதே ஆள்தான்.

இப்போது அவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறார். இரண்டு நுரையீரலிலும் கிருமி பரவிவிட்டது. டாக்டர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "இவருக்குப் பச்சைத் தண்ணி குடுக்கச் சொன்னது யாரும்மா?" என்பதுதான். வீட்டுக்கு அனுப்பும்போது ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளில், தண்ணீரில் மாவு கலந்து கூழாக்கித்தான் கொடுக்க வேண்டும் என்று போட்டிருந்தது. அந்தத் தாளைப் படம் எடுத்து உங்களுக்கு அனுப்பினேன். நீங்கள்தான், "கெட்டித் தண்ணி தொண்டையைச் சோம்பேறி ஆக்கிடும் அக்கா. நம்ம பொடியை ஒரு மாசம் குடுங்க, அப்புறம் பச்சைத் தண்ணியாவே பழக்குங்க" என்று எழுதினீர்கள்.

அதை டாக்டருக்குக் காட்டலாம் என்று ஃபோனைத் திறந்தால் உங்கள் பக்கமே எனக்கு வரவில்லை. நாலு மாதப் பேச்சு ஒன்றுகூட இல்லை. என்னை பிளாக் செய்திருக்கிறீர்கள் என்று என் அக்கா மகள் சொல்கிறாள். எனக்கு அது சண்டைக்காரர்கள் செய்கிற வேலை என்றுதான் தெரியும். நமக்குள் என்ன சண்டை?

என் கொழுந்தனார் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு, எல்லார் காதிலும் விழுகிற மாதிரி, "பாத்துப் பாத்து அலுத்துப் போச்சு போல. வேணும்னேதான் ஊத்தியிருக்கா" என்கிறார். என் மாமியார் என் முகத்தைப் பார்ப்பதில்லை.

உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. தவறு யாருக்கும் வரும். நீங்கள் சொல்லித்தான் தண்ணீர் கொடுத்தேன் என்று ஒரே ஒரு வரி, கையெழுத்தோடு வேண்டும். உங்கள் ஊருக்கு ஒரு நாள் பயணம், இவரை விட்டுவிட்டு வர முடியாது. உங்கள் பக்கத்தில் போட்டிருந்த ஆஸ்பத்திரி விலாசம் ஞாபகம் இருந்தது, அதற்குத்தான் இதை அனுப்புகிறேன்.

ஹாரன் வீட்டுக்காரி


பிப்ரவரி 16

மதிப்பிற்குரிய அம்மையீர்,

தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றது. தாங்கள் குறிப்பிடும் சமூக வலைத்தளப் பக்கம் எனக்கோ எமது மருத்துவமனைக்கோ உரியதன்று. தங்களுக்கோ தங்கள் கணவருக்கோ என்னால் எவ்வித ஆலோசனையும் வழங்கப்படவில்லை. எனவே தாங்கள் கோரும் எழுத்துப்பூர்வ உறுதியை அளிக்க இயலாமைக்கு வருந்துகிறேன். தங்கள் கணவர் விரைவில் நலம்பெற விழைகிறேன்.

இப்படிக்கு,
பேச்சு மற்றும் விழுங்குதல் பயிற்சியாளர்


பிப்ரவரி 24

மேடம்,

நலம்பெற விழைகிறேன் என்று நீங்கள் டைப் அடித்தீர்களே, அதற்கு மறுநாள் காலையில் அவர் போய்விட்டார். உங்கள் கடிதம் வந்தபோது வீடு முழுக்க ஆட்கள். கொழுந்தனார்தான் உறையைக் கிழித்தார், உரக்கப் படித்தார். "அப்படி ஒருத்தியே கெடையாதாம்" என்று சொல்லித் தாளை என் மடியில் போட்டார்.

இருபத்து மூன்று பேர் முன்னால் நான் புளுகியாகிவிட்டேன்.

டைப் அடித்த எழுத்து, கீழே முத்திரை. இந்த மாதிரிதான் அந்தப் பக்கத்திலும் இருந்தது. உங்கள் படிப்புச் சான்றிதழ், பதிவு எண், முத்திரை எல்லாம் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுத்தான் நம்பினேன். நான் ஒன்றும் ஏமாந்த சோணகிரி இல்லை. கார் சீட்டுக்கு உறை தைக்கிற கடையில் பதினெட்டு வருஷமாக வேலை பார்க்கிறேன். ரெக்சின் அசலா போலியா என்று விரலை வைத்ததும் சொல்லிவிடுவேன். அப்படிப்பட்டவள் உங்களையும் சோதித்தேன். "நெஜமாவே நீங்கதானான்னு எப்படித் தெரியும்?" என்று நேரடியாகவே கேட்டேன். பத்தே நிமிஷத்தில் படம் வந்தது. நீங்கள் சிரித்துக்கொண்டு கையில் வெள்ளைப் பலகையைப் பிடித்திருக்கிறீர்கள். பலகையில், "ஹாரன் அண்ணன் சீக்கிரம் பேசுவார்" என்று எழுதியிருக்கிறது. அந்தப் படத்தை மட்டும் தனியாகச் சேமித்து வைத்திருந்தேன், தப்பித்தது. பிரதி எடுத்து இதோடு வைத்திருக்கிறேன்.

என் வீட்டுக்காரரின் பட்டப்பெயர் எழுதிய பலகையை வேறு யார் உங்கள் கையில் கொண்டுவந்து வைத்தது? பதில் எழுதுவதாக இருந்தால் கையால் எழுதுங்கள். ஃபோனைத் துணி சுற்றிப் பீரோவுக்குள் போட்டுவிட்டேன். இனிமேல் மனிதர் கைப்பட்டது எதுவோ அதைத்தான் படிப்பேன்.

ஹாரன் வீட்டுக்காரி


மார்ச் 3

அக்கா,

அந்த முதல் கடிதம் நிர்வாக அலுவலகத்தில் தயாரானது. கையெழுத்து மட்டும் என்னுடையது. இனிமேல் எதுவும் எழுதக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். இதை என் வீட்டுச் சமையலறை மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்தேன். அது நான்தான். அந்தப் புடவை என்னுடையது, பின்னால் தெரிவது பதினான்காம் எண் அறை, என் அறை. பலகையில் இருக்கும் எழுத்து மட்டும் என்னுடையது இல்லை.

எங்கள் தொழிலில் வெள்ளைப் பலகை எப்போதும் கையில் இருக்கும். பேச வராதவர்கள் அதில் எழுதிக் காட்டுவார்கள். நான் திங்கட்கிழமைதோறும் என் பக்கத்தில் ஒரு பயிற்சி வார்த்தை போடுவேன். வாராவாரம் புதிதாகப் படம் எடுக்க முடியாது என்று, எதுவும் எழுதாத பலகையைப் பிடித்துக்கொண்டு ஒரே ஒரு படம் எடுத்து வைத்திருந்தேன். கம்ப்யூட்டரில் அதன் மேல் வார்த்தையைப் பொருத்துவேன். ஒரு வாரம் அவசரத்தில் வெறும் பலகைப் படத்தையே அப்படியே போட்டுவிட்டேன். அதைத் திருடியவர்களுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? எந்த வீட்டுப் பெயரை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம், நான் சிரித்துக்கொண்டே பிடித்துக்கொண்டிருப்பேன். சான்றிதழையும் நான்தான் போட்டேன், பதிவு கிடைத்த சந்தோஷத்தில், எண்ணோடு.

பிரதியை வெளிச்சத்தில் பாருங்கள். பலகை லேசாகச் சாய்ந்திருக்கிறது, எழுத்து சாயாமல் நேராக நிற்கிறது. இந்தக் கடிதத்தில் இருக்கும் என் கிறுக்கலையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

பச்சைத் தண்ணீரை நான் எந்தக் காலத்திலும் சொல்லியிருக்க மாட்டேன் அக்கா. அந்த நிலையில் இருப்பவர்களுக்குத் தண்ணீர் உணவுக்குழாய்க்குப் பதில் மூச்சுக்குழாயில் இறங்கும். பலருக்கு இருமல்கூட வராது, அதனால் நல்லபடியாக இறங்குகிறது என்றே வீட்டில் நினைப்பார்கள். உங்கள் கண்ணுக்கு எதுவும் தெரிந்திருக்க வழியில்லை.

இப்படி ஒரு பக்கம் இருப்பதே உங்கள் கடிதத்தைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று எழுதக்கூட எனக்குக் கை வரவில்லை.

பயிற்சியாளர், அறை எண் 14


மார்ச் 12

மேடம்,

முதலில் ஒன்று. என்னை அக்கா என்று கூப்பிட வேண்டாம். அந்தப் போலியும் அக்கா அக்கா என்றுதான் கூப்பிட்டது. காலையில் எழுந்ததும் "அக்கா சாப்பிட்டீங்களா?" என்று கேட்கும். இந்த வீட்டில் என்னை யாரும் அப்படிக் கேட்பதில்லை. அதனால்தான் விழுந்தேன் போலிருக்கிறது.

நீங்கள் சொன்ன மாதிரி பலகையை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். எழுத்து நேராகத்தான் நிற்கிறது. ஒரு தையல் கோணினால் கண்டுபிடிக்கிறவள் இதைப் பார்க்காமல் விட்டேனே என்று என் தலையில் நானே அடித்துக்கொண்டேன். அதுவரைக்கும் உங்கள் மேல் பாவமாக இருந்தது.

அதற்குப் பிறகு என் அக்கா மகள் அவள் ஃபோனில் உங்கள் சொந்தப் பக்கத்தை, உண்மையான பக்கத்தை, பின்னோக்கித் தள்ளிக்கொண்டே போனாள். போன ஆகஸ்ட் மாதம் நீங்கள் போட்டதை எடுத்துக் காட்டினாள். "எனக்கும் ஒரு டூப்ளிகேட் வந்தாச்சு! நானும் பிரபலம் ஆயிட்டேன் மக்களே!" என்று எழுதி, கண்ணில் நீர் வரச் சிரிக்கிற பொம்மை நாலு போட்டிருக்கிறீர்கள். கீழே உங்கள் ஆஸ்பத்திரிக்காரர்கள், "டூப்ளிகேட் மேடம்தான் அழகா இருக்காங்க", "ட்ரீட் எப்போ?" என்று கும்மாளம்.

ஆகஸ்ட். அவர் அப்போது பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். ஹாரன் அடித்துக்கொண்டு, வாய் ஓயாமல் பேசிக்கொண்டு.

உங்கள் கடிதத்தைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும் என்று கைப்பட எழுதினீர்களே. கைப்படப் பொய் எழுத முடியாது என்று நான் நினைத்தேன் பாருங்கள். துணியில் ஊசி தவறினால் பிரித்துத் தைக்கலாம். ரெக்சினில் குத்திய ஓட்டை ஓட்டைதான், போகாது.

ஹாரன் வீட்டுக்காரி


மார்ச் 18

அம்மா,

பொய்தான் எழுதினேன்.

ஆகஸ்டிலேயே தெரியும். காலை டீ நேரத்தில் ஒரு சக பயிற்சியாளர் ஃபோனை நீட்டினார். அந்தப் போலிப் பக்கத்தில் என் முகத்துக்கு என்னைவிடப் பத்து மடங்கு ஆட்கள் சேர்ந்திருந்தார்கள். எல்லோரும் சிரித்தோம். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது, அதையும் எழுதிவிடுகிறேன். அந்தப் பக்கத்தில் என்ன சொல்கிறார்கள் என்று நான் ஒரு வரிகூடப் படிக்கவில்லை. ஒரு முறை புகார் பொத்தானை அழுத்தினேன். "எங்கள் விதிகளுக்கு மாறாக எதுவும் இல்லை" என்று பதில் வந்தது. சரி, நம் கடமை முடிந்தது என்று விட்டுவிட்டேன். அன்றைக்கு மதியம் ஏழு நோயாளிகள் காத்திருந்தார்கள். அதைச் சாக்காகச் சொல்லவில்லை, அப்படித்தான் நடந்தது.

பொடி விற்பதற்காகத்தான் அந்தப் பக்கத்தை நடத்துகிறார்கள் என்று இப்போது புரிகிறது. பச்சைத் தண்ணீர் குடிக்க வைத்தால் பொடி வேலை செய்வது போலத் தெரியும். அவ்வளவுதான் அவர்கள் கணக்கு.

நீங்கள் கேட்ட வரியை என்னால் கொடுக்க முடியாது. நான் உங்களுக்குச் சொல்லவில்லை. ஆனால் உண்மையாக எழுத முடிந்ததைத் தனித் தாளில் எழுதி, பெயர், பதிவு எண், கையெழுத்து போட்டு வைத்திருக்கிறேன். என் முகத்தையும் சான்றிதழையும் திருடியவர்கள் உங்களுக்கு அந்த ஆலோசனையைச் சொன்னார்கள், எந்த மனைவியும் நம்பியிருப்பாள், அப்படி ஒரு பக்கம் இருப்பது எனக்குப் போன ஆகஸ்டிலேயே தெரியும், நான் எவரையும் எச்சரிக்கவில்லை. இதுதான் அதில் இருக்கிறது. உங்கள் கொழுந்தனாரிடம் காட்டுங்கள். வேறு யாரிடம் வேண்டுமானாலும் காட்டுங்கள். இதன் பிரதியை நிர்வாகத்திலும் கொடுத்துவிட்டேன். என்ன செய்வார்களோ தெரியாது.

ஒரு நிமிஷம் நின்று படித்திருந்தால் போதும் அம்மா. அதுதான் என்னைத் தூங்க விடவில்லை.

பயிற்சியாளர்


ஏப்ரல் 6

மேடம்,

உங்கள் தாளைக் கொழுந்தனாரிடம் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தார். "சரி அண்ணி" என்று சொல்லி எழுந்து போனார். அவ்வளவுதான். மாமியார் நேற்று என்னிடம் மாத்திரை எடுத்துத் தரச் சொன்னார். வீட்டில் என் பக்கம் திரும்பிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். நினைத்த அளவு ஆறுதலாக இல்லை.

இதை எழுத வந்த காரணம் வேறு. போன வாரம் அவரோடு ஓடிய கண்டக்டர் அண்ணன் கடைக்கே வந்துவிட்டார். "என்ன தங்கச்சி, மனசு கேக்குதா உனக்கு? ஹாரன் வீடியோவை எல்லாம் போட்டு விளம்பரம் பண்றே?" என்றார். எந்த வீடியோ என்று கேட்டேன். தன் ஃபோனில் காட்டினார்.

என் பேரில் ஒரு பக்கம். என் முகம். அதில் அவர் தண்ணீர் குடிக்கிற வீடியோ. ஜனவரியில் நான் எடுத்தது, நாற்பது செகண்டு இருக்கும். முதல் தடவை டம்ளரில் குடித்த நாள். குடித்துவிட்டு, விழாத பக்கத்து வாயால் சிரித்து, இடது கைக் கட்டை விரலைத் தூக்கிக் காட்டுவார். சந்தோஷம் தாங்காமல் உங்கள் முகத்தோடு இருந்த அந்தப் போலிக்குத்தான் அனுப்பினேன், வேறு யாருக்கும் அனுப்பவில்லை. மேலே, "நாலே மாசத்துல என் வீட்டுக்காரர் தண்ணி குடிச்சிட்டார். பயிற்சி சொன்ன தங்கச்சிக்குக் கோடி நன்றி" என்று நான் எழுதிய மாதிரி எழுதியிருக்கிறது. பதினோராயிரம் பேர் பார்த்திருக்கிறார்கள். ஒரு பெண், "அண்ணன் இப்போ எப்படி இருக்கார் அக்கா?" என்று கேட்டிருக்கிறாள். அதற்கு நான் பதில் சொல்லியிருக்கிறேன்: "சூப்பரா இருக்கார்மா. நேத்து என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்."

செப்டம்பருக்குப் பிறகு அவர் என் பேரைச் சொல்லவே இல்லை மேடம். அது ஒன்றுக்காகத்தான் நாலு மாதம் அதன் காலில் விழுந்து கிடந்தேன்.

பீரோவிலிருந்து ஃபோனை எடுத்தேன். அவர் இறந்துவிட்டார், இது நான் இல்லை என்று அங்கேயே எழுதினேன். உடனே அது, "பொறாமை பிடிச்ச ஒரு பொம்பள என் பேர்ல சுத்துது, நம்பாதீங்க" என்று போட்டது. நாற்பது பேர் என்னைத் திட்டினார்கள். "உயிரோட இருக்கற மனுஷனைச் சாகடிக்கறியே, நீயெல்லாம் பொம்பளையா?" என்று ஒருவன். பிறகு பிளாக்.

அதில் ஃபிரிட்ஜ் மெக்கானிக் ஒருவர் கேட்டிருக்கிறார்: "எங்கப்பாவுக்கும் இதே நெலமைதான் அக்கா. பச்சைத் தண்ணி ஆரம்பிக்கலாமா?" அதற்கு நான், "தயங்காம ஆரம்பிங்க தம்பி" என்கிறேன். அவர் படத்தில் கடை போர்டு தெரிகிறது, நம்பரும் இருக்கிறது. கூப்பிட்டேன். "நீங்கதானா அந்தப் போலி? அக்கா முன்னாடியே சொன்னாங்க" என்று வைத்துவிட்டார். கடை இருக்கும் ஊர் நாலு மணி நேர பஸ். உங்களால் ஏதாவது முடியுமா பாருங்கள். நான் கையைக் கட்டிக்கொண்டு இருக்கப் போவதில்லை.

ஹாரன் வீட்டுக்காரி


ஏப்ரல் 11

அம்மா,

உங்கள் கடிதம் கிடைத்த ஒரு மணி நேரத்தில் போலீஸின் இணையக் குற்றப் பிரிவுக்குப் போனேன். புகார் எண் கொடுத்தார்கள். எனக்கு முன்னால் எத்தனை பேர் என்று கேட்டதற்கு அந்த ஊழியர் கோப்புகள் நிரம்பிய ஒரு அலமாரியைக் காட்டினார். இரண்டு பக்கங்களைப் பற்றியும் அந்த வலைத்தள நிறுவனத்துக்கு மறுபடி புகார் செய்தேன். விதிகளுக்கு மாறாக எதுவும் இல்லையாம். என் சொந்தப் பக்கத்தில் எச்சரிக்கை போட்டேன். சாயங்காலத்துக்குள் நிறைய பேர் சேர்ந்து நான்தான் போலி என்று புகார் செய்ய, என் பக்கத்தை முடக்கிவிட்டார்கள். இப்போது அங்கே நான் என்றால் அந்தப் போலி மட்டும்தான்.

அந்த மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். "ரெண்டு மேடமும் நாந்தான் ஒரிஜினல்னு சொல்றீங்க. எனக்கு வீடியோ போட்ட அக்கா சொல்றது போதும்" என்று வைத்துவிட்டார். நேரில் போகலாம் என்றால் நாளையும் நாளை மறுநாளும் ஆஸ்பத்திரியில் என் மேல் விசாரணை. அதை விட்டுவிட்டுப் போனால் வேலை போகும். போகட்டும் என்று எழுதத்தான் ஆசை, ஆனால் இன்னும் துணிவு வரவில்லை. உங்களைப் போகச் சொல்ல எனக்கு எந்த உரிமையும் இல்லை.

பயிற்சியாளர்


ஏப்ரல் 20

மேடம்,

உங்கள் கடிதம் வந்தபோது நான் வீட்டில் இல்லை. போன தடவை உங்களுக்கு எழுதிப் போட்ட மறுநாளே முதலாளியிடம் லீவு கேட்டேன். ஒரு லாரி சீட்டு வேலை முடியாமல் விட மாட்டேன் என்றார். ஒரு வாரம் போயிற்று. பிறகு அவருடைய இறப்புச் சான்றிதழையும் என் அடையாள அட்டையையும் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

கடை வாசலில் கதவு கழற்றிய ஃபிரிட்ஜுகள் வரிசையாக நின்றன. உள்ளே ஸ்க்ரூ டிரைவரோடு முப்பத்தைந்து வயது ஆள். அடிக்க வருவார், விரட்டுவார் என்று என்னென்னவோ தயார் செய்துகொண்டு போயிருந்தேன். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்து, "அய்யோ, வீடியோ அக்கா! வாங்க வாங்க! சொல்லாம கொள்ளாம வந்திருக்கீங்க! அண்ணன் வரலையா?" என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். உள்ளே பார்த்து, "ஏய், இங்க வா, யாரு வந்திருக்காங்க பாரு!" என்று மனைவியைக் கூப்பிட்டார்.  என் பேரை எனக்கு முன்னாலேயே வேறொருத்தி வந்து சம்பாதித்து வைத்திருந்தாள்.

அந்த நேரம் பார்த்து அவர் ஃபோன் அடித்தது. எடுத்துப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு என் இரண்டு கைகளையும் பார்த்தார். ஒன்றில் பை, இன்னொன்றில் அவர் மனைவி கொடுத்த டீ.

"அக்கா... 'தம்பி, அப்பா இன்னைக்கு எத்தனை டம்ளர் குடிச்சார்?'னு நீங்க இப்பதான் கேட்டிருக்கீங்க."

"நான் கேக்கலை தம்பி. அது நான் இல்லை."

"அப்போ அண்ணன்?"

உங்களிடம் ஒரு வரி கேட்டு எழுதிய நாளிலிருந்து நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தது, அவள் சொன்னாள், அது சொன்னது, சொன்னதைச் செய்தேன் என்பதுதான். அந்த ஆளின் முகத்தைப் பார்த்தபோது அதெல்லாம் எதற்கும் உதவாது என்று தெரிந்தது. "அண்ணன் செத்துட்டார் தம்பி. நான்தான் என் கையால தண்ணி குடுத்தேன்" என்றேன். சான்றிதழை எடுத்துக் காட்டினேன். அவர் அதை வாங்கக்கூட இல்லை, மாடிப்படியில் ஓடினார்.

அவர் அப்பாவுக்கு ஆரம்பித்து ஐந்து நாள் ஆகியிருந்தது. லேசாகக் காய்ச்சல், குளிரில் வந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நெஞ்சில் கொஞ்சம் இருக்கிறதாம், பிழைப்பாரா என்று இன்னும் உறுதியாகச் சொல்ல முடியாதாம். கிளம்பும் முன்னால் அறையில் எட்டிப் பார்த்தேன். பெரியவர் இடது கையை வாய்ப்பக்கம் கொண்டுபோய்க் கொண்டுபோய்க் காட்டினார். தண்ணீர் கேட்கிறார். அந்த ஜாடை எனக்கு நன்றாகத் தெரியும். என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

இரண்டு பக்கமும் இன்னும் இருக்கிறது. அக்கா மகளின் ஃபோனில் தினமும் பார்க்கிறேன். இன்றைக்கு ஐந்து பேர் ஆரம்பிக்கலாமா என்று கேட்டிருக்கிறார்கள், ஐந்து பேருக்கும் நான் ஆரம்பிக்கச் சொல்லியிருக்கிறேன். இரண்டு பேர் ஊர் தெரிந்துவிட்டது, ஞாயிற்றுக்கிழமை போகிறேன். மற்ற மூன்று பேரின் பேரைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். உங்கள் வேலை இருக்கிறதோ போய்விட்டதோ தெரியாது. எப்படியாவது அவர்கள் விலாசத்தை மட்டும் கண்டுபிடித்துச் சொல்லுங்கள். கதவைத் தட்டுவதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஹாரன் வீட்டுக்காரி